பத்து ரூபாய்க்கு எவ்வளவு தகவல் கிடைக்கும்? ஆர்டிஐ மனு, தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ரிவ்யூ

பிரியாணிக் கடைக்கும் மிக்சிக்கும் ஸ்டார் போடுகிறோம், அரசாங்கம் பத்து ரூபாய்க்குத் தரும் ஒரு சேவைக்கு யாரும் போட்டுப் பார்த்ததில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, சுருக்கமாக ஆர்டிஐ. சட்டத்துக்கு மட்டும் என்றால் நாலரை ஸ்டார். அதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நடத்துகிறவர்களையும் சேர்த்தால் மூன்றரைதான்.

நான் கேட்டது பெரிய ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. பையன் இந்தப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறான். 2024-25-ல் அவனுடைய ஆறாம் வகுப்புக்கு நிஜமாகவே எத்தனை மணி நேரம் பாடம் நடந்தது? இதுதான் கேள்வி. அந்த வருடம் அக்டோபர் நடுவில் கொட்டிய மழை, நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், நடுவில் தெருவில் தண்ணீர் நின்ற நாட்கள், இதெல்லாம் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் பாதி வகுப்பு வராது. முழு நாள் லீவு என்றால் கலெக்டர் அறிவிப்பார், டிவியில் வரும், கணக்கில் ஏறும். எனக்கு உறுத்தியது அரை நாட்கள்தான். பெற்றோர் குரூப்பில் பதினொன்றரை மணிக்கு "பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்" என்று ஒரு வரி வரும், வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்த மதியங்கள் எந்தக் கணக்கில் போகின்றன?

இதற்கு ஒரு அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது, பல பெற்றோருக்குத் தெரியாது. 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். நாள் வேறு, மணி வேறு, இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஊரில் சண்டை முழுக்க நாளைப் பற்றித்தான் நடக்கும். 2024-25 நாட்காட்டியில் முதலில் 220 நாள் என்று போட்டார்கள், சனிக்கிழமைகளையும் சேர்த்து. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் 210 ஆனது. மணி நேரத்தைப் பற்றி யாரும் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை.

சரி, சேவைக்கு வருவோம். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, அதாவது அந்த அலுவலகத்தில் இந்த மனுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு, அனுப்பினால் போதும். ஆன்லைனிலும் போடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும், பள்ளி விஷயத்தில் இது ரொம்ப உதவும், ஏனென்றால் வட்டாரக் கல்வி அலுவலரா மாவட்டக் கல்வி அலுவலரா முதன்மைக் கல்வி அலுவலரா என்று நமக்குத் தலை சுற்றும். முப்பது நாளில் பதில். இந்த விலைக்கு இப்படி ஒரு வசதி வேறு எந்தச் சேவையிலும் நான் பார்த்ததில்லை.

பதில் வந்தது, கெடு தாண்டி. முதல் பக்கத்தைப் படித்தால் சிரிப்புதான் வரும். "பள்ளி அரசு விதிகளின்படி செயல்பட்டு வருகிறது." நான் கேட்டது விதிகளின்படி நடக்கிறதா என்றா? ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது, அதுதான் இந்த மொத்தச் செலவுக்கும் மதிப்பு: வகுப்பு வாரியாகக் கற்பித்த மணி நேரத்துக்கு "தனியே பதிவேடு பராமரிக்கப்படவில்லை". ஆயிரம் மணி நேரம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, அதை எண்ணுவதற்கு என் பையன் பள்ளியில் ஒரு நோட்டுகூட இல்லை. இது அலுவலக முத்திரையோடு எழுத்தில் கிடைத்தது. பெற்றோர் கூட்டத்தில் தொண்டை வலிக்கக் கத்தினாலும் இது கிடைத்திருக்காது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆர்டிஐ இருக்கிற காகிதத்தைத்தான் கொடுக்கும், இல்லாததைத் தயாரித்துக் கொடுக்காது. எங்கள் தெருவில் ஓர் அக்கா மனு எழுதிக் கொடுக்கும் கடையில் இருநூறு ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினார். "ஏன் பள்ளி சீக்கிரம் விடப்படுகிறது, இதற்கு யார் பொறுப்பு" என்று சினிமா வசனம் மாதிரி ஒரு பக்கம். கேள்வி வடிவில் உள்ளதால் பதில் அளிக்க இயலாது என்று ஒற்றை வரியில் திரும்பி வந்துவிட்டது. அந்த அலுவலகம் தப்பித்துக்கொண்டது என்பது ஒரு பக்கம், தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்தது அந்தக் கடைக்காரர்.

நான் மேல்முறையீடு செய்தேன். அதே துறையில் மேலே இருக்கும் அதிகாரிக்கு, முப்பது நாளுக்குள் போட வேண்டும். மணிக்கணக்குப் பதிவேடு இல்லையென்றால் கால அட்டவணை, ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேடு, தேர்வு அட்டவணை இவற்றையாவது நேரில் பார்க்க விடுங்கள் என்று எழுதினேன். பதிவேடுகளைப் பார்வையிடுவதும் 2(ஜே) பிரிவில் நமக்கு உள்ள உரிமைதான். விட்டார்கள்.

வருகைப் பதிவேட்டைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. பெயர்கள் இருக்கும் இடத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடித்தான் காட்டினார்கள், அது நியாயம்தான், மற்ற பிள்ளைகளின் விவரம் எனக்கு எதற்கு. ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு கட்டம், காலை ஒன்று, மதியம் ஒன்று. விடுமுறை நாளில் சிவப்பு மையில் எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டத்தில் இறக்கி எழுதியிருப்பார்கள்: ஞா, யி, று. அக்டோபர் பக்கத்தில் "மழை விடுமுறை" அதே மாதிரி இறங்குகிறது. ஆனால் சில தேதிகளில் காலைக் கட்டம் நிரம்பியிருக்கிறது, மதியக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு கோடு. ஏன், என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. மாதக் கடைசியில் வேலை நாள் கூட்டும்போது அந்த நாளும் முழு ஒன்றாகத்தான் ஏறுகிறது! நான் தேடிப் போனது இந்தக் கோட்டைத்தான்.

அப்புறம் பெருக்கல் கணக்கு நானே போட்டேன். அட்டவணைப்படி நாற்பது நிமிடத்தில் எட்டுப் பீரியட், ஆக ஒரு நாளுக்கு ஐந்து மணி இருபது நிமிடம். 210 நாளுக்கு 1120 மணி. கேட்க நன்றாக இருக்கிறது, மழை லீவு விட்டதால் படிப்பே போச்சு என்று புலம்புவது மிகை என்று எனக்கே பட்டது. ஆனால் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு நாட்களையும் அந்த மதியக் கோடுகளையும் கழித்துப் பாருங்கள், ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தேர்வு எழுதும் நேரம் பாட நேரமா இல்லையா என்று சட்டத்தின் அட்டவணை விளக்கவில்லை. ஆமாம் என்றால் பள்ளி பாஸ், இல்லை என்றால் ஃபெயில். தலைமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன், அவர் கோபப்படவில்லை, "சார், எங்களிடம் மேலே இருந்து கேட்பது வேலை நாள் கணக்கு மட்டும்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் நாள் கணக்கை மட்டும் கேட்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏன் ஒன்றரை ஸ்டார் குறைத்தேன் என்றால், தாமதம் ஒரு காரணம், பிரிவு 4(1)(பி) இன்னொரு காரணம். யாரும் கேட்காமலே பொது அதிகார அமைப்புகள் பதினேழு வகைத் தகவல்களைத் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்கிறது அது. தமிழ்நாடு 1997-லேயே, இந்தியாவில் முதல் மாநிலமாக, தகவல் உரிமைச் சட்டம் போட்ட ஊர். பள்ளி வாசல் பலகையில் மாதாமாதம் "நடந்த பாடநேரம்" என்று ஒரு எண்ணை எழுதிவிட்டால் நான் வில்லை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

தனியார் பள்ளிப் பெற்றோர் நேராகப் பள்ளிக்கு மனு அனுப்பினால் வேலைக்கு ஆகாது. ஆனால் சட்டப்படி கல்வித் துறை அந்தப் பள்ளியிடமிருந்து பெறக்கூடிய தகவலைத் துறையிடம் கேட்கலாம், 2(எஃப்) அதற்கு இடம் தருகிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் மனுவுக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டுப் பாருங்கள், அதில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும், அரசுப் பள்ளியில் பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதே அவர்கள் வேலை, உதவி பெறும் பள்ளியில் ஆலோசனை சொல்வது மட்டும்தான்.

மேல்முறையீட்டிலும் நடக்காவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம், 90 நாளுக்குள். அங்கே தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட முடியும். நகல் ஒரு ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய், கடிதம் வந்த பிறகு கட்டினால் போதும். கெடு தாண்டித்தான் தருகிறார்கள் என்றால் 7(6)-ஐக் காட்டி இலவசமாகவே கேளுங்கள்.