ஏ.டி.எச்.டி. மாத்திரை: விடுதியில் இருக்கும் பையனுக்கு எது சரி?

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கவனம் ஒன்றில் நிற்காமல் அலைபாயும் ஏ.டி.எச்.டி. பிரச்சினைக்காக மெத்தில்பெனிடேட் 10 மி.கி., காலை ஒன்று, மதியம் ஒன்று. போன செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அக்கா அட்டையை எண்ணிப் பார்த்தாள். ஆறு குறைந்தது. "பக்கத்து ரூம் பசங்க கேட்டாங்க மாமா, ராத்திரி படிக்கணும்னு" என்றான். நோட்ஸ் கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறான்.

அவனைத் திட்டி என்ன பயன்? மாத்திரையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, அவன் எடுத்துவந்த அதே குறுகிய நேர மாத்திரை. அரை மணியில் வேலையைத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். அளவைக் கூட்டிக் குறைப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் மதிய மாத்திரைக்காக அட்டை பையிலேயே இருக்கிறது. இன்னொன்று, அதன் வேகம். இது மூளையில் ஊக்கமும் இன்பமும் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும் மருந்து. விழுங்கினால் மெதுவாக ஏறி உச்சத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். பொடித்து மூக்கில் இழுப்பவர்களுக்குச் சில நிமிடம் போதும். அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் மூளை ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்தது இதுதான்: மருந்து மூளையில் ஒரே அளவுக்கு வேலை செய்தாலும், சடாரென்று ஏறும்போதுதான் போதை வருகிறது. பழக்கமாகிவிடுமா என்று கேட்பவர்கள் மருந்தின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இந்த வேகத்தை.

இரண்டாவது, கான்செர்ட்டா போன்ற நீண்ட நேர மாத்திரை. மருந்து அதேதான். வெளிப்பூச்சில் இருக்கும் கொஞ்சம் உடனே கரையும். மிச்சம் கெட்டியான கூட்டுக்குள்ளிருந்து 10, 12 மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். வெறும் கூடு மலத்தில் முழுசாக வெளியே வரும். மாத்திரை கரையவே இல்லையோ என்று பயப்பட வேண்டாம். காலையில் ஒன்று போட்டால் போதும், பொடிப்பதும் கடினம். விலை கூடுதல். பசி குறைந்து மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான், தாமதமாகப் போட்டால் இரவு தூக்கமும் கெடும்.

மூன்றாவது, அட்டோமாக்செட்டின். இது மெத்தில்பெனிடேட் போல மூளையைத் தூண்டும் ஸ்டிமுலன்ட்டே இல்லை. போதை தராது, அதனால் யாரும் கடன் கேட்க மாட்டார்கள். மெத்தில்பெனிடேட் இந்தியாவில் எக்ஸ் அட்டவணை மருந்து: இரண்டு பிரதியாகச் சீட்டு வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டோமாக்செட்டினுக்கு அந்த அலைச்சல் கிடையாது. ஆனால் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், பலருக்கு மெத்தில்பெனிடேட் அளவுக்குக் கேட்காது. குமட்டல் உண்டு. இளம் வயதினரிடம் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று ஆரம்ப மாதங்களில் கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் ஆடெரால், ஆம்பெட்டமைன் என்ற இன்னொரு ஸ்டிமுலன்ட் வகை; இங்கே மருந்துக்கடையில் கிடைக்காது.

பயத்தில் மருந்தையே நிறுத்திவிடலாம் என்றாள் அக்கா. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்ன அளவில் எடுத்த ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பின்னாளில் போதைப் பழக்கம் கூடுவதாக ஆய்வுத் தொகுப்புகளில் தெரியவில்லை. ஆபத்து கைமாறும் மாத்திரையில் இருக்கிறது. தவறாகப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் வீட்டாரிடமும் நண்பர்களிடமும்தான் இதை வாங்குகிறார்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2023 மே மாதம் எச்சரித்து, மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையையும் திருத்தச் சொன்னது. வாங்கிப் போட்ட பசங்களுக்காவது லாபம் உண்டா? அதே ஆண்டு மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்துப் புதிர் போடச் சொன்னார்கள். அதிக நேரம் முயன்றார்கள், ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது.

விடுதிப் பையனுக்கு நான் நீண்ட நேர மாத்திரையைத்தான் சொல்வேன். ஏற்கெனவே போதைப் பழக்கத்தில் சிக்கியவன் என்றால் அட்டோமாக்செட்டினிலிருந்து தொடங்குவது பற்றி டாக்டரிடம் கேட்பேன். எங்கள் பையனுக்கு டாக்டரும் நீண்ட நேர மாத்திரைக்கே மாற்றினார். அட்டை இப்போது அக்காவின் பீரோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அடுத்த வாரத்துக்கு ஏழு எண்ணிக் கொடுக்கிறாள். பக்கத்து ரூம் பசங்க கேட்டால் "அம்மா எண்ணிக் கொடுக்கறாங்கடா" என்று சொல்லிவிடுகிறானாம்.