"எல்லா லேயருக்கும் ஒரே முகவரி" என்றார்கள், 1,800 யூஎஸ்டிசி மாட்டிக்கொண்டது

ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 1,800 யூஎஸ்டிசி (ஒன்று ஒரு டாலர் மதிப்பில் இருக்கும் கிரிப்டோ நாணயம்). ஆப் பெயர் வேண்டாம். நம் பிரைவேட் கீயை (பணத்தை அனுப்பத் தேவையான ரகசியச் சாவி) அவர்களே வைத்துக்கொள்ளும் வகை வாலெட். "லேயர் 1, லேயர் 2 எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக" என்று விளம்பரம் வேறு. (லேயர் 1 என்பது எத்தீரியம் போன்ற மூல நெட்வொர்க்; லேயர் 2 அதன் மேல் இயங்கும் ஆர்பிட்ரம் போன்றவை.)

அனுப்பும் முன்பே சாட்டில் கேட்டேன், ஆர்பிட்ரமிலிருந்து அனுப்பலாமா என்று. "தாராளமாக அனுப்புங்கள், முகவரி எல்லா நெட்வொர்க்குக்கும் ஒன்றுதான்." பதிலுக்குப் பக்கத்தில் ஒரு பெயர், பச்சைப் புள்ளி. விஷயம் தெரிந்த ஆள் சொல்கிறார் என்று நம்பி மொத்தத்தையும் அனுப்பினேன். எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய தளம்) உடனே 'சக்சஸ்'. ஆப்பில் பேலன்ஸ் பூஜ்யம்.

முதலில் "நெட்வொர்க் நெரிசல், காத்திருங்கள்". முடிந்துபோன டிரான்ஸாக்‌ஷனுக்கு என்ன நெரிசல்? பிறகு ஹாஷ் (பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு) கேட்டார்கள், கொடுத்தேன். வேறொருவர் வந்து அதே ஹாஷை மறுபடி கேட்டார். அப்புறம் டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். சண்டை போட்டுத் திறக்கவைத்தால், "எத்தீரியம் மெயின்நெட் டெபாசிட் மட்டுமே ஏற்கிறோம், மற்றதை மீட்க இயலாது." மெயின்நெட் என்றால் அந்த லேயர் 1 மட்டும். சாட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

இயலாது என்பது பச்சைப் பொய். எத்தீரியம், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் எல்லாவற்றிலும் சாதாரண முகவரிக்கு ஒரே கீ போதும். அந்தக் கீ அவர்களிடம் இருக்கிறது. கொஞ்சம் ஈதர் கேஸுக்கு (நெட்வொர்க் கட்டணத்துக்கு) போட்டால் எடுத்துவிடலாம். கான்ட்ராக்ட் முகவரி (நேரடியாக ஒரு கீ அல்ல, ஒரு நிரல் கட்டுப்படுத்துவது) என்றால் கதை வேறு: 2022-ல் வின்டர்மியூட் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்துக்கு அனுப்பிய 2 கோடி ஓபி டோக்கன் (ஆப்டிமிசத்தின் நாணயம்), அவர்களுடைய மல்டிசிக் (பலர் ஒப்புதல் தேவைப்படும் கான்ட்ராக்ட் வாலெட்) ஆப்டிமிசத்தில் உருவாக்கப்படாததால் வேறொருவன் கைக்குப் போனது. என்னுடையது சாதாரண முகவரி, எக்ஸ்ப்ளோரரில் பார்த்துவிட்டேன். 1,800 யூஎஸ்டிசி அசையாமல் அங்கேயே கிடக்கிறது. எடுத்துத் தர மனமில்லை, அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பெரிய தொகையா, கீ உங்கள் கையில் இருக்கும் ஹார்ட்வேர் வாலெட்டில் வையுங்கள். சாட்டில் சொல்வதை நம்பாதீர்கள், டெபாசிட் பக்கத்தில் நெட்வொர்க் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பப்போகும் அதே நெட்வொர்க்கில் முதலில் சிறு தொகை. "மீட்டுத் தருகிறேன்" என்று இன்பாக்ஸில் வந்து சீட் ஃப்ரேஸ் (வாலெட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) கேட்பவன் திருடன். எனக்கு இப்போதே அப்படி மெசேஜ் வர ஆரம்பித்துவிட்டது.