மலை ஏறும் பழைய காருக்கு டிஃபரன்ஷியல் ஆயில்: 90-ஆ, 140-ஆ, சிந்தெடிக்கா?

ஊட்டியில் அம்பாசடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர் பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலுக்கு (என்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) என்ன ஆயில் ஊற்றலாம் என்று விசாரித்தால் மூன்று பதில் வரும். பதிலில் வரும் எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. பழைய மெக்கானிக் அண்ணன், "140 ஊத்துங்க சார், சத்தமே வராது" என்பார். உதிரிபாகக் கடைக்காரர் 80டபிள்யூ-90 டப்பாவை எடுத்து வைப்பார். புதுக் கார் ஓட்டும் நண்பர், "குளிர் ஊராச்சே, 75டபிள்யூ-90 சிந்தெடிக்தான்" என்பார். நான் கடைக்காரர் பக்கம்: 80டபிள்யூ-90 மினரல் ஆயில், ஜிஎல்-5 தரம் (கியர் ஆயில் எவ்வளவு கடும் வேலையைத் தாங்கும் என்பதற்கான வகைப்பாடு). அப்படிச் சொல்ல வைப்பது குளிரைவிட இந்த மலைப்பாதைதான்.

முதலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 வழக்கு. "ஜிஎல்-5 பித்தளையை அரிக்கும், பழைய வண்டிக்கு ஆகாது" என்ற பயம் பலருக்கு உண்டு. அந்த எச்சரிக்கை கியர்பாக்ஸைப் பற்றியது. அங்கே கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. ஜிஎல்-5-இல் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அவற்றுக்கு ஒத்துவராமல் போகலாம். டிஃபரன்ஷியலுக்குள் சிங்க்ரோ கிடையாது. அங்கே வேலை செய்வது ஹைப்பாய்ட் வகை கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும். பினியனின் மையம் கிரவுனின் மையத்திலிருந்து விலகி நிற்பதால் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் உரசிக்கொண்டும் நகரும். அந்த உரசல் எண்ணெய்ப் படலத்தை வழித்துவிடும். அப்போது பல்லில் ஏறும் சூட்டில் இந்தச் சேர்மானம் எஃகோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகிறது. பல் முகம் பிய்ந்து போகாமல் காப்பது அந்தப் பூச்சுதான்.

மேட்டுப்பாளையத்தில் முந்நூறு சொச்சம் மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, குன்னூரில் 1,850 மீட்டரைத் தொடுகிறது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியர். எண்ணெய்ப் படலம் உருவாக வேகம் வேண்டும். வேகமே இல்லாத அந்த நேரத்தில்தான் பல்லின் மேல் பாரம் உச்சத்தில் இருக்கிறது. இறக்கத்தில் என்ஜின் பிடியில் இறங்கும்போது அதே பல்லின் மறுபக்கம் பாரம் தாங்குகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளும் இறங்கி முடியும்வரை அப்படியே. ஜிஎல்-4 மிதமான வேலைக்கான ஹைப்பாய்டுக்கு வகுக்கப்பட்டது. அதிர்ச்சிப் பாரத்துக்கும் கடும் வேலைக்கும் ஜிஎல்-5. பழைய பெஜோ 404 மாதிரி திருகு போன்ற தண்டு வெண்கலச் சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் டிரைவ் வண்டி என்றால் மட்டும் கையேடு சொல்வதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இனி குளிர். டபிள்யூ-வோடு ஒட்டிய எண் அதற்கானது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோலின்படி 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26-லும், 85டபிள்யூ மைனஸ் 12-லும் குறித்த அளவுக்கு மேல் இறுகக் கூடாது. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் ஜனவரி உறைபனி விழும் காலையில்கூட வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே குளிரைக் காட்டி 75டபிள்யூ வாங்கத் தேவையில்லை.

140-இன் கணக்கு வேறு. 100 டிகிரியில் 90-இன் பிசுக்கு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள், 140 என்றால் 24-க்கு மேல். தேய்ந்த பல்லின் ஊளை அடங்கும், கசிவும் மெதுவாகும். அண்ணன் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் என்ஜின் ஏற்கெனவே மூச்சு வாங்குகிற இடத்தில் கெட்டி ஆயிலையும் கடையச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, அந்த ஊளை ஒரு தகவல். ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா என்று கேட்டே நல்ல மெக்கானிக் கோளாறை நெருங்கிவிடுவார். ஆயிலால் அதை அமுக்கினால் பேரிங் தேய்வது தெரியாமலே போகும். எஸ்டேட்டில் டிரெய்லரோடு ஊர்ந்து ஊர்ந்து இழுக்கும் ஜீப்புக்கு, அல்லது பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வெயிலில் ஓடும் வண்டிக்கு 85டபிள்யூ-140 போடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

சிந்தெடிக் நல்ல சரக்கு. சூட்டில் சீக்கிரம் கெடாது. புது ஆயில் சீல் போட்டு முழுதாகப் பிரித்துச் செய்த ஆக்சில் என்றால் தாராளமாக ஊற்றுங்கள். பழைய சீலில் அது ஒழுகும் வழியைக் கண்டுபிடித்துவிடும், அந்த விலைக்கு அதைத் தரையில் விடுவானேன்? தரையில் விழுந்தாலாவது பரவாயில்லை. ஹப் பக்கம் கசிந்து பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் போய் லைனரை நனைத்தால், குன்னூருக்குக் கீழே பர்லியார் இறக்கத்தில் உயிர்ப் பிரச்சினை.

அதனால் எந்த ஆயிலாக இருந்தாலும் முதலில் ஆக்சில் மேலிருக்கும் பிரீத்தரை, அதாவது உள்காற்று வெளியேறும் சிறு துளையை, சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் மலை ஏறும்போது இரண்டு பக்கமும் இடி: உள்ளே காற்று சூடாகி விரிகிறது, வெளியே காற்றழுத்தம் மேட்டுப்பாளையத்தில் இருந்ததைவிட ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளிருக்கும் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். சமவெளியில் சொட்டாத வண்டி இங்கே வந்ததும் சொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு பார்க்கும்போதும் கவனம். நம் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவு. சமதளமான பெட்ரோல் பங்க்கிலோ ஒர்க்‌ஷாப்பிலோ நிறுத்தி, பிளக் துளை மட்டத்துக்கு ஊற்றி, வழிவது நின்றபின் மூடுங்கள். கூடுதலாக நின்றால் அதுவும் டிரம்மைத்தான் தேடிப் போகும். பழைய ஆயிலை ஓடி வந்த சூட்டோடு இறக்குங்கள். பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு வந்தால் ஆயில் வாங்கப் போகாதீர்கள், கிரவுன்-பினியனைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.