டயரின் வயதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வராதீர்கள்

2024 ஜூனில் கோவையில் ஒரு கடையில் 38,000 ரூபாய் கொடுத்து காருக்கு நான்கு டயரும் மாற்றினேன். புது டயர் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐந்து மாதம் கழித்து, கோத்தகிரி மலைப்பாதையில் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ரோட்டின் மறுபக்கத்துக்குச் சறுக்கிப் போன பிறகுதான் என்ன வாங்கினேன் என்றே எனக்குத் தெரிந்தது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது. அதனால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

வண்டி ஹூண்டாய் ஐ20 ‘என் லைன்’ (N Line). டயர் அளவு 195/55 ஆர்16; முதல் எண் மி.மீ. கணக்கில் டயரின் அகலம். காரோடு வந்த டயர்கள் தேய்ந்து, டயர் பள்ளங்களுக்கு நடுவே தேய்மானத்தைக் காட்ட இருக்கும் அந்தச் சின்ன மேடு வரை ரப்பர் இறங்கிவிட்டது. மேட்டின் உயரம் 1.6 மி.மீ. அதற்கும் கீழே தேய்ந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் நல்ல கிரிப் உள்ளதாகப் போடுவோம் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பைலட் ஸ்போர்ட், பொடென்ஸா, அட்வான் மாதிரி ஸ்போர்ட் வகை. இன்னொரு பக்கம் பிரைமஸி, டுரான்ஸா, புளூஎர்த் மாதிரி சொகுசு வகை. ஸ்போர்ட் டயரில் ரப்பர் மென்மையாகவும் பக்கச்சுவர் விறைப்பாகவும் இருக்கும். வளைவில் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கும். ஆனால் சீக்கிரம் தேயும், அவிநாசி ரோட்டுக் குழி ஒவ்வொன்றையும் இடுப்புக்குச் சொல்லும். சொகுசு வகை சத்தமில்லாமல் நிறைய கிலோமீட்டர் ஓடும். தினம் ஆபீஸ், மாதம் ஒருமுறை மலை என்று ஓட்டுகிற எனக்கு எது சரி என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஸ்போர்ட் பக்கமே சாய்ந்தேன். என் அளவில் அந்த வகை கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் இந்தக் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

“இம்போர்ட்டட் சரக்குங்க சார். இப்பெல்லாம் இறக்குமதியே கிடையாது, தெரியுமுங்களா? எங்ககிட்ட மட்டும் நாலே நாலு இருக்கு” என்றார் கடைக்காரர். அளவு 205/55 ஆர்16. ஆக்டேவியா, ஜெட்டா மாதிரி செடான்களுக்குப் போடுவது. “ஒரு சைஸ்தானே கூட, தாராளமா உக்காரும்” என்றார். டயர் சுவரில் ‘டிராக்‌ஷன் ஏஏ’ என்ற எழுத்தை விரலால் தடவிக் காட்டினார். இதுக்கு மேல கிரேடே இல்லை என்றார்.

அவர் சொன்ன எதுவும் முழுப் பொய் இல்லை. ஏமாந்ததும் அதனால்தான். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது உண்மை. அதன்பின் உரிமம் வாங்கினால்தான் கொண்டுவர முடியும். அப்படியானால் 2024இல் ஒரு சின்னக் கடையில் இந்த நாலு டயர் எப்படி வந்தது, எப்போது வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏஏ கிரேடும் உண்மைதான். ஆனால் அது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனைக்குக் கொடுப்பது. வளைவில் எப்படி நிற்கும், தேங்கிய தண்ணீரில் மிதக்குமா என்பதையெல்லாம் அது சொல்லாது. அதோடு, அந்தச் சோதனை நடப்பது புது டயரில். பக்கத்தில் இருக்கும், டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் ‘டிரெட்வேர்’ எண்ணையும் நான் பெரிதாக நம்பியிருந்தேன். அதை அந்தந்தக் கம்பெனியே தன் டயருக்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பில் கேட்டேன். “பில் போட்டா 28 பர்சன்ட் ஜிஎஸ்டி சேருமுங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். (2025 செப்டம்பர் முதல் டயருக்கு 18 சதவீதம்தான். இதே வசனத்தை யாராவது 28 என்று சொன்னால் உஷாராகுங்கள்.) வேலை நடக்கும்போது உள்ளே ஏசி அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது நான்கு டயரும் பாலிஷ் போட்டுக் கருகருவென்று மின்னின.

முதல் நாளே சத்தம் கூடியிருந்தது. ஸ்போர்ட் டயர் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில் காய்ந்த ரோட்டில் வேறு எதுவும் தெரியவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு கோத்தகிரி போனோம். மழை பெரிதாக இல்லை, தூறல்தான். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில், முப்பதுக்கும் குறைவான வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது, வண்டி மட்டும் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு மறுபக்கம் போகிறது. எதிரே ஏறி வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் எனக்கு முன்பே பிரேக் போட்டுவிட்டார். எங்களுக்கு நடுவே ஒரு ஆள் நடந்துபோகும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. முன்சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்த கையை மேட்டுப்பாளையம் வரும்வரை எடுக்கவே இல்லை.

அங்கே ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, காற்று அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அந்தத் தம்பி குந்தி உட்கார்ந்து ஈரத் துணியால் டயர் சுவரைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, இங்க பாருங்க, இன்சைடுன்னு எழுதியிருக்கு. இது உள்பக்கம் போக வேண்டிய சைடு.” நான்கிலும் அதே எழுத்து வெளியே தெரிந்தது. இந்த மாதிரி டயரில் வெளித்தோளில் பெரிய கட்டிகளாக ரப்பர் இருக்கும், வளைவில் வண்டியைத் தாங்குவது அதுதான். திருப்பி மாட்டினால் அது உள்ளே போய்விடும்.

ஏன் நான்கையும் திருப்பி மாட்டினார்கள் என்று ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றியதும் புரிந்தது. டயர் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து, எண் வரிசையின் கடைசியில், டயர் தயாரான தேதியாக ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வாரம், வருடத்தோடு முழு வரிசை பெரும்பாலும் டயரின் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். என் டயர்களில் அது இருந்த பக்கம் உள்ளே போயிருந்தது. இரண்டில் 3318, அதாவது 2018 ஆகஸ்ட். மற்ற இரண்டில் 1419, 2019 ஏப்ரல். நான் வாங்கிய அன்றே ஐந்தாறு வயது. தம்பி கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திக் காட்டினார், பதியவே இல்லை. பாலிஷ் போன இடத்தில், பள்ளங்களின் அடியில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். “டயர் என்ன பால் பாக்கெட்டுங்களா தேதி பாக்கறதுக்கு? கம்பெனியே பத்து வருஷம்னு சொல்றான்” என்றார். மிஷ்லின் போன்ற கம்பெனிகள் பத்து வருடம் என்று சொல்வது உண்மை. ஆனால் அது அதற்குமேல் எந்த நிலையிலும் வைத்திருக்காதே என்ற கடைசி எல்லை. ஐந்து வருடம் ஓடிய பிறகு வருடா வருடம் சோதிக்கச் சொல்வதும் அவர்களேதான். நிழலில், சூடில்லாமல் வைத்த டயர் ஒன்றிரண்டு வருடப் பழசு என்றால் நானே வாங்குவேன். தகர ஷெட்டில் ஐந்து கோடை வெந்ததைப் புதுசென்று விற்பதும், தேதி தெரியாமல் திருப்பி மாட்டுவதும் வேறு விஷயம். மலை இறங்குகிற ஒரு குடும்பத்தோடு விளையாடுவது அது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தது ஜிபே பதிவும், கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டும். அதை வைத்தே புகார் பதிவு செய்தேன். இரண்டு வாரத்தில் கடைக்காரர் கூப்பிட்டு 9,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, போயிருக்கலாம். பில் இல்லாமல் இழுத்தடிக்கத் தெம்பில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன். பில் மட்டும் இருந்திருந்தால் நிச்சயம் விட்டிருக்க மாட்டேன். ஜிஎஸ்டி பில்லில் டயரின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி வாரண்டி கேட்கும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

இப்போது போட்டிருப்பது காரோடு வந்த அதே 195/55 அளவு, சொகுசு வகை, மாட்டிய அன்று மூன்று மாத வயது. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் உருட்டச் சொல்லி, அந்தத் தேதி எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்த்தேன். கடை ஊழியர் முகம் சுளிக்கவில்லை, அவரே டார்ச் அடித்துக் காட்டினார். போன மாதம் அதே வளைவில் அதே தூறலில் இறங்கினேன். வண்டி சாதாரணமாகத் திரும்பியது.

அந்த 9,000 ரூபாய்க்குக் கடைக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார், பழைய நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. எதற்கு என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையம் தம்பியிடமே கொண்டுபோய் நான்கின் பக்கச்சுவரையும் என் கண்முன்னால் அறுக்கச் சொன்னேன்.