ரீப்ளே சரியாக ஓடுகிறதே என்று ரெக்கார்டை நம்பிவிடாதீர்கள்

டிராக்மேனியா நேஷன்ஸ் ஃபாரெவர் ஆடுபவர்களும், பழைய டாப் நேரங்களைப் பார்த்துப் பயிற்சி எடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டு டிராக்கில் இறங்குங்கள். 2008-இல் இலவசமாக வந்த கணினிக் கார் பந்தய ஆட்டம் இது. பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த நேரங்கள் பல ஏமாற்றி எடுத்தவை என்பது 2021 மே மாதம்தான் ஆதாரத்தோடு வெளியே வந்தது. அதுவரை நேர்மையாக ஓட்டியவர்கள் நொடியில் நூறில் ஒரு பங்குக்காக மல்லுக்கட்டி, கிடைக்காதபோது தங்கள் கையையே நொந்துகொண்டார்கள். அது பெரிய அநியாயம்.

காரின் வேகத்தில் யாரும் கை வைக்கவில்லை. வேறொரு மென்பொருளை வைத்து ஆட்டத்தின் ஓட்டத்தையே மெதுவாக்கினார்கள். 70 சதவீத வேகத்தில் ஓட்டினால், ஒரு வளைவில் திருத்திக்கொள்ள ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அவகாசம் கிடைக்கும். ஆட்டமோ தன் உள் கடிகாரத்தைத்தான் எண்ணும். அதனால் பதிவாகும் நேரத்தில் இந்த மந்தம் தெரியாது.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? ஓட்டத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டும் ரீப்ளே கோப்பு வீடியோ இல்லை. எந்த நேரத்தில் எந்த விசை அழுந்தியது, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்பதை 10 மில்லிநொடிக் கணக்கில் அது வைத்திருக்கும். அதே உள்ளீட்டைத் திரும்பக் கொடுத்தால் அதே நேரம் வரும். ஆகவே சோதனையில் 'ரீப்ளே செல்லுபடியாகும்' என்று வந்தால், அந்த உள்ளீடு அந்த நேரத்தைத் தரும் என்றுதான் பொருள். அதை மனிதர் முழு வேகத்தில் கொடுத்தாரா என்பது அதில் தெரியாது.

தடயம் உள்ளீட்டிலேயே இருக்கிறது. பைஜிபிஎக்ஸ் போன்ற பைத்தான் நூலகத்தால் (பைத்தான் மொழியில் எழுதிய நிரல் தொகுப்பு) அதைப் பிரித்தெடுத்து, நொடிக்கு எத்தனை முறை ஸ்டீயரிங் மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு விரலால் நொடிக்கு ஏழெட்டுத் தட்டு, மிஞ்சினால் பத்து. ஓட்டம் முழுக்க அதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். விசைப்பலகையில் இல்லாமல் கன்ட்ரோலரின் ஸ்டிக்கில் ஓட்டியவர் என்றால், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் 20, 30 மில்லிநொடிக்குள் திரும்பும் கூர்முனைகளைத் தேடுங்கள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தேய்ந்த ஸ்டிக் தானாகவே நடுங்கும். அந்த நடுக்கமும் கோப்பில் ஏறும். பொதுவாக அது சிறிய அளவில், நேராக ஓடும் இடத்திலும் தெரியும். கடினமான வளைவில் மட்டும் பெரிதாக எழுந்தால் கதை வேறு. எப்படியும் ஒரே ஒரு ரீப்ளேயை வைத்து யாரையும் கள்ளன் என்று சொல்லாதீர்கள். அதே ஆள், அதே கருவி, அதே வகை டிராக் என்று பத்துப் பதினைந்து ரீப்ளேக்களை எடுங்கள். நேரடி ஒளிபரப்பிலோ எல்லோர் முன்னிலும் நடந்த போட்டியிலோ ஓட்டியதோடு ஒப்பிடுங்கள். தனியே ஓட்டியதில் மட்டும் கை இரண்டு மடங்கு வேகமாக ஆடினால், கோப்புகளையும் எண்ணிக்கையையும் நிர்வாகிகளிடம் கொடுங்கள். பெயரைப் பொதுவில் போடுவது அதற்குப் பிறகு, அவர்கள் வேலை.

டூல் வைத்து, மெதுவாக்கி, அப்படியே சொல்லிவிட்டு எடுக்கும் ஓட்டங்கள் தனி ரகம். அவற்றுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதில் தவறில்லை.

ரெக்கார்டு பட்டியல் நடத்துபவர்கள் நேரத்தை மட்டும் வாங்காமல் மூல ரீப்ளே கோப்பையும் வாங்கி வையுங்கள். முதல் மூன்று இடங்களுக்குக் கையும் திரையும் ஒரே வீடியோவில் தெரியும்படி கேளுங்கள். பழைய நேரங்களை அகற்ற முடிந்ததே கோப்புகள் அழியாமல் இருந்ததால்தான்.