பழைய சீட்டு எங்கே செல்லும்? மெடிக்கல், மலிவு மருந்தகம், வீடு தேடி வரும் மாத்திரை

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எழுதிய சீட்டு எத்தனை மாதம் செல்லும் என்று ஓசூரில் கேட்டாலும் அரூரில் கேட்டாலும் கடைக்குக் கடை ஒரு பதில் வரும். 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் பார்ப்பது மாதக் கணக்கை அல்ல, தடவைக் கணக்கை. திரும்ப வாங்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. அதனால் டாக்டரின் அறையை விட்டு வெளியே வருவதற்குள், 'மாதம் 30 மாத்திரை, மூன்று தடவை வாங்கலாம்' என்று எழுதி வாங்கிவிடுங்கள். கையெழுத்தும் தேதியும் இல்லாத சீட்டு, ஒரு தடவைக்கும் ஆகாது.

தனியார் மெடிக்கலில் நல்ல விஷயம், எழுதிய பிராண்டே கிடைக்கும். மாலை ஏழு மணிக்கு மேலும் திறந்திருக்கும். சிக்கல், பழகிய கடை என்று சீட்டே இல்லாமல் காலி அட்டையைக் காட்டி வாங்குவதில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் 40, அதிலேயே 'எச்' சேர்ந்தது, 'ஏஎம்' சேர்ந்தது என மூன்று அட்டைகளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 'எச்' என்றால் கூடவே நீர் பிரியும் மருந்து, 'ஏஎம்' என்றால் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து. பெயர் அச்சடித்த பக்கத்தை வெட்டிவிட்ட அட்டையை வைத்து எது என்று சொல்லவே முடியாது. பாதி அட்டை வாங்கினால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தூக்க மாத்திரை அல்பிரசோலம், வலிக்கு டிரமடால், ஆன்டிபயாடிக் செஃபிக்ஸிம் போன்றவை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் 'எச்1' பட்டியலில் உள்ளவை. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். இவற்றை விற்றால் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர் சீட்டு கேட்டு மல்லுக்கட்டுவது அதனால்தான், கோபப்பட ஒன்றுமில்லை. பெங்களூரு டாக்டர் எழுதிய சீட்டு கிருஷ்ணகிரியிலும் செல்லும். ஆனால் அந்த பிராண்ட் இங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மத்திய அரசின் மலிவு மருந்தகமான ஜன் ஔஷதியும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு ஒரே நாளில் 1000 கடைகளாகத் திறந்த முதல்வர் மருந்தகமும் விலையில் முந்துகின்றன. சர்க்கரைக்குத் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு முடிச்சு உண்டு: சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், அதற்குப் பதில் வேறொன்றை மாற்றிக் கொடுக்க விதி இடம் தராது. மருந்தின் மூலப் பெயரிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். 'எஸ்ஆர்' என்று இருந்தால் அதையும் விடாமல் பாருங்கள். அது மெதுவாகக் கரையும் மாத்திரை. சாதா மாத்திரை அதற்கு ஈடாகாது.

சித்தேரி மலையிலோ அஞ்செட்டியிலோ இருப்பவருக்குப் பஸ் செலவே மாத்திரை விலையைத் தாண்டிவிடும். அவர்களுக்கு, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம்தான் சரி. இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை இலவசம், வீட்டுக்கே வரும். ஆனால் தனியார் டாக்டர் சீட்டை நீட்டினால் போதாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்து எழுத வேண்டும், இருப்பில் உள்ள மருந்தைத்தான் தருவார்கள். இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். வெளியே வாங்கிய 'ஏஎம்' மாத்திரையை நிறுத்தாமல், அரசு கொடுத்த அம்லோடிபினையும் சேர்த்துப் போட்டால், ஒரே மருந்து இரண்டு மடங்காகி கால் வீங்கும், தலை சுற்றும். சுகாதார நிலையத்துக்குப் போகும்போது வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இன்சுலினுக்கு மட்டும் கணக்கு வேறு. விலையைவிட, கடையில் பிரிட்ஜ் ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் பஸ்ஸில் வருவதாக இருந்தால், ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில், குப்பி ஐஸைத் தொடாதபடி துணி சுற்றிக் கொண்டு வாருங்கள். உறைந்துவிட்ட இன்சுலின், மறுபடி உருகினாலும் வீண்தான்.