கூடுவாஞ்சேரி டு நுங்கம்பாக்கம்: பதினோரு வருடம் போய் வந்த அனுபவம்

2014இல் சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியை ஒட்டிய நந்திவரத்தில் வீடு பார்க்க வந்தபோது தரகர் சொன்னார்: "சார், மவுண்ட் ரோடுக்கு முக்கால் மணி நேரம்தான்." பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காரில் போனால் முக்கால் மணி நேரம்தான். மற்ற நாட்களில் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் பதினோரு வருடம் செலவாயிற்று. இந்தப் பக்கம் வீடு தேடும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஆபீஸ் முதலில் நுங்கம்பாக்கம், 2022 முதல் தேனாம்பேட்டை. வீட்டிலிருந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்.

முதல் எட்டு மாதம் பைக். ஒரு வழிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் பார்க்கும் புத்தி உள்ளவன் என்பதால் ஒரு மாதம் முழுக்க நேரத்தைக் குறித்து வைத்தேன். குறைந்தது 65 நிமிடம், அதிகபட்சம் இரண்டு மணி இருபது நிமிடம். அலுப்பைக் கூடத் தாங்கலாம், ஆனால் இந்த இடைவெளிதான் என்னைக் கொன்றது. பத்து மணி மீட்டிங்குக்கு ஏழரைக்கே கிளம்ப வேண்டும். கிளம்பினால் எட்டே முக்காலுக்கே போய் டீக்கடையில் நிற்பேன், இல்லாவிட்டால் பெருங்களத்தூரிலேயே ஒன்பது மணி ஆகிவிடும். வண்டலூர் மேம்பாலம் 2020இல் திறந்த பிறகு அந்த சந்திப்பில் நிற்கும் நேரம் குறைந்தது உண்மை. ஆனால் நெரிசல் எங்கேயும் போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது. முதுகு வலி, மழை, கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் குடிக்கும் புகை எல்லாம் தனிக் கணக்கு.

அப்புறம்தான் ரயிலுக்கு மாறினேன். கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம், கூடக் குறைய ஐந்து நிமிடம். பைக் நன்றாக ஓடும் நாளைவிட இது வேகம் கிடையாது. ஆனால் "ஒன்பதரைக்கு வந்துவிடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே போய் நிற்கலாம். சீசன் டிக்கெட்டுக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் காசு பைக்குக்கு அரை டேங்க் பெட்ரோலுக்குக்கூடப் போதாது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை எந்த வீட்டு விளம்பரத்திலும் போட மாட்டார்கள். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். 1931இல் சென்னையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததே பீச்–தாம்பரம் பாதையில்தான். இன்றைக்கும் தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவன் இரண்டாம் தாரத்துப் பிள்ளைதான். தாம்பரம் வரை வண்டி தவறினால் கவலை இல்லை, பின்னாலேயே இன்னொன்று வரும். செங்கல்பட்டு வண்டி தவறினால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நடைமேடைப் பலகையில் வரிசையாகத் "தாம்பரம், தாம்பரம்" என்று எரியும்போது வரும் சோர்வு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பெருங்களத்தூருக்குத் தெற்கே வீடு பார்ப்பவர்கள் தாம்பரத்து அட்டவணையைப் பார்க்காதீர்கள், செங்கல்பட்டு வண்டிகளை மட்டும் எண்ணுங்கள்.

உட்கார இடம் கிடைப்பது ஒரு தனிக் கலை. காலையில் வண்டி செங்கல்பட்டிலிருந்து வரும்போதே மறைமலை நகரில் நிரம்பிவிடும். கூடுவாஞ்சேரியில் ஏறுபவன் நிற்கத்தான் வேண்டும். ஆனால் தாம்பரத்தில் பஸ் மாறுகிறவர்கள் கூட்டமாக இறங்குவார்கள், அதைவிடப் பெரிய கூட்டம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சில விநாடிகள். யார் தாம்பரத்தில் இறங்குவார்கள் என்பது முகத்தை வைத்தே தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினால் எழப்போகிறார் என்று அர்த்தம். சாயங்காலத்துக்கு இன்னொரு வழி: என் பெட்டிக்காரர்கள் சிலர் எழும்பூரில் வேலை பார்த்தாலும் பீச் வரை சீசன் எடுத்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் பீச்சுக்குப் போய், காலியாகக் கிளம்பும் வண்டியில் ஜன்னலோரம் பிடித்து வருவார்கள். இருபது நிமிடம் நஷ்டம், ஒரு மணி நேரத் தூக்கம் லாபம்.

ஃபுட்போர்டில் தொங்குவது பற்றி ஒன்று. நானும் தொங்கியிருக்கிறேன். 2018 ஜூலையில் பரங்கிமலையில் தொங்கி வந்தவர்கள் நடைமேடைச் சுவரில் மோதி இறந்த பிறகு விட்டுவிட்டேன். வண்டி போனால் போகட்டும்.

ரயிலே கைவிட்ட நாட்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு இரவு ஆபீசிலேயே படுத்தேன். 2020 மார்ச்சில் நின்ற லோக்கல் எல்லாருக்கும் திரும்ப ஓட பல மாதம் ஆனது, தூசி தட்டி பைக்கை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலை என்று வண்டிகளை ரத்து செய்வார்கள், அன்றைக்குக் கல்யாணம் காட்சி என்றால் முதல் நாளே செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது.

பஸ்ஸை ஒரு மாதம் முயன்றேன். தி.நகர் போகும் ஜி18 வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், ஏறும் இடத்தில் உட்காரவும் கிடைக்கும். ஆனால் அதுவும் பைக்கில் போன அதே ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில்தான் ஊர்ந்து வர வேண்டும். ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் நகருக்குள் பல இடம் சுற்றுபவர்களுக்குத்தான் லாபம். என் மனைவிக்குக் கணக்கே வேறு. அவளுக்கு வேலை தாம்பரத்தில். 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "உங்க சீசனை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

தேனாம்பேட்டைக்கு மாறிய பிறகு மெட்ரோவும் சேர்ந்தது. லோக்கலில் கிண்டி வரை, அங்கிருந்து மெட்ரோ. கிண்டியில் மாறுவதற்கு நடை அதிகமில்லை. சிலர் பைக்கை விமான நிலைய மெட்ரோவில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் செய்தேன். எங்கள் பக்கத்திலிருந்து மெட்ரோ தொடங்கும் இடத்துக்குப் போவதற்குள் ஜிஎஸ்டியின் மோசமான பகுதி முழுவதையும் தாண்டிவிட்டிருப்போம், அதன் பிறகு மெட்ரோ ஏறி என்ன பயன்? விமான நிலையத்திலிருந்து வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் உண்டு, சுமார் பதினைந்தரை கிலோமீட்டர். தரகர்கள் அதை இப்போதே மனை விலையில் சேர்த்துவிட்டார்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. திருச்சிக்குப் போக முன்பு கோயம்பேடு வரை எதிர்த்திசையில் போன எங்களுக்கு அது வரம். தினசரிப் பயணத்துக்குப் பெரிய மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பண்டிகைக்கு முந்தின நாளும் அந்தப் பக்கம் வண்டியை எடுக்கவே கூடாது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் ஏசி லோக்கல் வந்தது. குறைந்த கட்டணமே 35 ரூபாய், பீச்–செங்கல்பட்டு 105. மே மாத வெயிலில் ஒரு வாரம் போனேன். சொர்க்கம். கதவு தானாக மூடிக்கொள்வதால் தொங்குவதற்கும் வழியில்லை. ஆனால் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். என் நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை, சாதாரண வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

காலனியில் நான்கு பேர் சேர்ந்து கார் பகிர்ந்தோம். இரண்டு மாதம் ஓடியது. நான்கு மேனேஜர்களும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு விட்டால்தானே!

யோசித்துப் பார்த்தால், என் நேரத்தை அதிகம் தின்றது நடுவில் உள்ள ரயில் பயணம் இல்லை, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு கிலோமீட்டர்தான். ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை கிளம்பாது, அது நிரம்பும்போது வண்டி போயிருக்கும். தனியார் பார்க்கிங்கில் ஒரு முறை ஹெல்மெட் போனது, இன்னொரு முறை கண்ணாடி உடைந்தது. கடைசியில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். பத்து நிமிடம், மழையானாலும் பத்து நிமிடம். திருடுவதற்கும் அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து உங்கள் ஆபீஸ் நாற்காலி வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்பியும் வாருங்கள். தரகர் கூட வருகிறேன் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். தாம்பரத்தில் இடம் கிடைத்தால் அவரை உட்கார வைத்துவிடாதீர்கள்.